சார்ஜென்ட் பெப்பர்ஸ், ஐம்பதாம் ஆண்டுப் பதிப்பு: நான்கு ட்ராக்குகளுக்குள் எடுக்கப்பட்ட முடிவுகள்

பீட்டில்ஸ் குழுவின் 'சார்ஜென்ட் பெப்பர்ஸ் லோன்லி ஹார்ட்ஸ் கிளப் பேண்ட்' ஆல்பத்தின் ஐம்பதாம் ஆண்டுச் சிறப்புப் பதிப்பு 2017 மே 26 அன்று பல வடிவங்களில் வெளியானது. அவற்றுள் மிகப் பெரிய பெட்டியைப் பற்றியே இங்கே எழுதுகிறேன். நான்கு குறுந்தகடுகள், ஒரு டிவிடி, ஒரு ப்ளூ-ரே, 144 பக்கங்கள் கொண்ட கெட்டி அட்டைப் புத்தகம், சுவரொட்டிகள், 1967-இல் இசைத்தட்டோடு தரப்பட்ட வெட்டி எடுக்கும் படங்களின் நகல் ஆகியவை அதில் உள்ளன. பழைய ஆல்பங்களின் ஆண்டு நிறைவுப் பதிப்புகள் பெரும்பாலும் அந்த ஆல்பத்தை ஏற்கெனவே வைத்திருப்பவர்களிடமே மீண்டும் விற்கப்படுகின்றன. ஒலியைச் சற்று உரத்ததாக்கி, ஒதுக்கி வைத்த நான்கைந்து பதிவுகளைக் கடைசியில் சேர்த்து, அட்டையில் பொன்னிற எழுத்தில் ஆண்டைப் பொறித்துவிட்டால் போதும் என்ற எண்ணமே அவற்றில் தெரியும். இந்தப் பெட்டிக்கு அதைவிட உறுதியான ஒரு காரணம் இருந்தது. இந்த ஆல்பம் என்று உலகின் பெரும்பாலானோர் பல பத்தாண்டுகளாகக் கேட்டு வந்தது, அதை உருவாக்கியவர்கள் முழுக் கவனத்தோடு செய்து முடித்த வடிவத்தை அன்று.

1967-இல் பிரிட்டனில் பெரும்பாலான வீடுகளில் இருந்தது ஒரே ஒலிபெருக்கி கொண்ட மோனோ கருவிதான். ஆகவே மோனோ ஒலிக்கலவைதான் (தனித்தனியே பதிந்த குரல்களையும் கருவிகளையும் அளவிட்டுச் சேர்த்த இறுதி வடிவம்) உண்மையான ஆல்பம் என்று குழுவினரும் தயாரிப்பாளர் ஜார்ஜ் மார்ட்டினும் கருதினார்கள்; அந்தக் கலவைகள் நடந்தபோது நால்வரும் கட்டுப்பாட்டறையில் இருந்து, ஒவ்வோர் ஓசையின் அளவையும் கேட்டுத் திருத்தினார்கள். இரண்டு ஒலிபெருக்கிகளுக்கான ஸ்டீரியோ வடிவத்தையோ ஜார்ஜ் மார்ட்டினும் ஒலிப்பொறியாளர் ஜெஃப் எமெரிக்கும் குழுவினர் இல்லாமலேயே, மோனோவுக்குச் செலவான நேரத்தில் ஒரு சிறு பகுதியில் முடித்துவிட்டார்கள். சில ஆண்டுகளுக்குள் மோனோ கருவிகள் கடைகளிலிருந்து மறைந்தன. அவற்றோடு மோனோ பதிப்பும் மறைந்தது. 1987-இல் ஆல்பம் முதன்முதலாகக் குறுந்தகடாக வந்தபோதும் ஸ்டீரியோ வடிவம் மட்டுமே வந்தது. மோனோ வடிவம் அதிகாரபூர்வமாகக் குறுந்தகட்டில் கிடைக்க 2009 வரை காத்திருக்க வேண்டியிருந்தது. பாடல் புனைவிலும் பதிவிலும் ஏறத்தாழ ஐந்து மாதங்கள் உழைத்து உருவாக்கிய ஓர் ஆல்பத்தின் அவசர வடிவமே அதன் நிலைத்த வடிவமாகிப் போனது.

ஜார்ஜ் மார்ட்டின் 2016 மார்ச்சில் காலமானார். அவருடைய மகன் ஜைல்ஸ் மார்ட்டினும் அபே ரோடு ஒலிப்பொறியாளர் சாம் ஓக்கெலும் சேர்ந்து இந்தப் பதிப்புக்காகப் புதிய ஸ்டீரியோ கலவை ஒன்றைச் செய்திருக்கிறார்கள். அவர்கள் வழிகாட்டியாகக் கொண்டது பழைய ஸ்டீரியோவை அன்று, குழுவினர் கூட இருந்து முடித்த மோனோவை. மோனோவில் இருந்த சமநிலையையும் அழுத்தத்தையும் இரண்டு ஒலிபெருக்கிகளுக்கு இடையே விரித்துத் தருவதுதான் அவர்கள் ஏற்றுக்கொண்ட வேலை. இது எப்படிச் சாத்தியமானது என்பதைப் புரிந்துகொள்ள அன்றைய கருவியைப் பற்றிச் சற்று விரிவாகச் சொல்ல வேண்டும்.

அன்றைக்கு ஈ.எம்.ஐ. இசை நிறுவனத்தின் கூடங்களில் (பின்னாளில் அபே ரோடு என்று பெயர் பெற்றவை) இருந்த ஸ்டூடர் ஒலிநாடா இயந்திரத்தில் நான்கு ட்ராக்குகள், அதாவது ஒலியைத் தனித்தனியே பதியும் தடங்கள், மட்டுமே இருந்தன. டிரம்ஸ், கிட்டார், பியானோ, குரல் என்று நான்கும் நிரம்பிவிட்டால், அந்த நான்கையும் கலந்து வேறொரு நாடாவில் ஒன்றிரண்டு ட்ராக்குகளாகப் பதித்துக்கொண்டு, மீதமுள்ள ட்ராக்குகளில் அடுத்த கருவிகளைச் சேர்க்க வேண்டும். ஒருமுறை அப்படிக் கலந்துவிட்டால் அதற்குள் இருக்கும் டிரம்ஸை மட்டும் தனியே கூட்டவோ குறைக்கவோ முடியாது. ஒவ்வொரு முறை மாற்றிப் பதிக்கும்போதும் நாடாவின் இரைச்சல் கூடும், ஒலியின் தெளிவு குறையும். ஒரு பாடலின் அடித்தளமாக இருந்த வாத்தியங்கள் இறுதி நாடாவில் இரண்டாம் மூன்றாம் தலைமுறை நகல்களாகவே இருந்தன. நல்ல வேளையாக, கலப்பதற்கு முந்தைய மூல நாடாக்கள் எவையும் அழிக்கப்படவில்லை. ஜைல்ஸ் மார்ட்டினும் ஓக்கெலும் அந்த முதல் தலைமுறை நாடாக்களை ஒவ்வொன்றாக எடுத்து, கணினியில் ஒன்றோடொன்று கணம் பிசகாமல் பொருத்தி, 1967-இல் ஒன்றுக்குள் ஒன்று அடைபட்டிருந்த கருவிகளைப் பிரித்துக் கையாண்டிருக்கிறார்கள்.

இதன் பயன் முதல் பாடலிலேயே கேட்கிறது. பழைய ஸ்டீரியோவில் பல பாடல்களில் குரல் ஒரு பக்கமாகவும் தாளக் கருவிகள் மறுபக்கமாகவும் ஒதுங்கி நிற்கும். ஹெட்ஃபோனில் கேட்பவருக்கு ஒரு செவியில் பாட்டும் மறு செவியில் வாத்தியமுமாக அது சிதறிப்போகும். புதிய கலவையில் ரிங்கோ ஸ்டாரின் டிரம்ஸும் பால் மெக்கார்ட்னியின் பேஸ் கிட்டாரும் நடுவே உறுதியாக அமர்ந்து, மற்ற கருவிகள் அவற்றைச் சுற்றி விரிகின்றன. மெக்கார்ட்னி இந்த ஆல்பத்தில் பல பாடல்களுக்கு பேஸ் கிட்டாரைக் கடைசியாக, தனி ட்ராக்கில், நேரமெடுத்து வாசித்தார். தாளத்துக்குத் துணையாக மட்டும் நில்லாமல் பாடலுக்குள் இன்னொரு மெட்டாகவே அது நடக்கிறது. அந்த உழைப்பு இதுவரை இவ்வளவு தெளிவாகக் கேட்டதில்லை.

'ஷி'ஸ் லீவிங் ஹோம்' பாடலில் மாற்றம் இன்னும் பெரியது. பழைய ஸ்டீரியோவில் அந்தப் பாடல் மோனோவைவிட வேகம் குறைந்து, சுருதியும் ஏறத்தாழ அரைச்சுரம் இறங்கி ஒலிக்கும். மோனோவை முடிக்கும்போது நாடாவை வேகமாக ஓட்ட முடிவெடுத்தவர்கள், ஸ்டீரியோவில் அதைப் பின்பற்றாமல் விட்டதே காரணம். மெதுவான வடிவத்தில் பழகிய பலர் அந்தப் பாடலைச் சோர்வானது என்று ஒதுக்கியிருக்கிறார்கள். புதிய கலவை மோனோவின் வேகத்தையே ஏற்றிருப்பதால், வீட்டைவிட்டுப் போகும் பெண்ணின் பதற்றம் அந்த வயலின்களில் திரும்ப வந்திருக்கிறது. 'லூசி இன் த ஸ்கை வித் டைமண்ட்ஸ்' பாடலில் ஜான் லெனனின் குரல் மீது மோனோவில் படர்ந்திருந்த சுழலும் ஒலிவிளைவும் இப்போது ஸ்டீரியோவில் கிடைக்கிறது. ஆல்பத்தின் முகப்புப் பாடல் இறுதியில் மறுபடி வரும் இடத்தில், மோனோவில் மட்டும் நன்றாகக் கேட்ட மெக்கார்ட்னியின் கூவலும் சேர்ந்திருக்கிறது.

குறையும் உண்டு. 2009-இன் பதிப்போடு ஒப்பிட்டால் புதிய கலவையின் சராசரி ஒலியளவு கூடுதலாக வைக்கப்பட்டிருக்கிறது; சத்தமான பகுதிக்கும் மெல்லிய பகுதிக்கும் இடையே இருந்த தூரம் குறைந்துவிட்டது. 'எ டே இன் த லைஃப்' போல, மெல்லத் தொடங்கிப் பெருகுவதையே உயிராகக் கொண்ட ஒரு பாடலுக்கு இது நல்லதன்று. டிரம்ஸின் கனமும் சில இடங்களில் இன்றைய ராக் இசையின் பழக்கத்துக்கு இசைந்துபோனதாகவே எனக்குப் படுகிறது. 'வென் ஐ'ம் சிக்ஸ்டி ஃபோர்' போன்ற மென்மையான பழைய பாணிப் பாடலுக்கு அவ்வளவு எடை தேவையில்லை. ஆனால் இவை இரண்டையும் எடைபோட்ட பிறகும், ஸ்டீரியோவில் இந்த ஆல்பத்தைக் கேட்க விரும்புகிறவருக்கு இனி இந்த வடிவத்தையே பரிந்துரைப்பேன்.

இரண்டாம், மூன்றாம் தட்டுகளில் பதிவுக்கூட நாடாக்களிலிருந்து எடுத்த 33 துண்டுகள் உள்ளன. பதிவான நாள் வரிசையிலேயே அவை அடுக்கப்பட்டிருக்கின்றன. 1996-இல் வந்த 'ஆந்தாலஜி 2' தொகுப்பிலும் இந்தக் காலத்துப் பதிவுகள் சில இடம்பெற்றன. ஆனால் அங்கே வெவ்வேறு டேக்குகளின் (ஒரே பாடலைப் பதியும் ஒவ்வொரு முயற்சியும் ஒரு டேக்) பகுதிகளை வெட்டி ஒட்டி, முன்னெப்போதும் இல்லாத ஒரு கூட்டு வடிவத்தை உருவாக்கும் வழக்கம் இருந்தது. கேட்க இனிமையாக இருந்தாலும், எது எப்போது நடந்தது என்று அதிலிருந்து அறிய முடியாது. இந்தப் பெட்டியில் டேக்குகள் பெரும்பாலும் தொடக்கம் முதல் முடிவு வரை, தவறுகளோடும் இடைப்பேச்சோடும் அப்படியே தரப்பட்டிருக்கின்றன. அரிய பதிவு என்ற பெயரில் எதையாவது தருவதற்கும், ஒரு முடிவு எடுக்கப்படும் இடத்தில் நம்மை நிறுத்துவதற்கும் இடையே உள்ள வேறுபாடு இந்தத் தட்டுகளில்தான் புலப்படுகிறது.

பதிவுகள் 1966 நவம்பர் 24 அன்று 'ஸ்ட்ராபெரி ஃபீல்ட்ஸ் ஃபாரெவர்' பாடலோடு தொடங்குகின்றன. அந்த ஆகஸ்ட் 29 அன்று சான் ஃபிரான்சிஸ்கோவின் கேண்டில்ஸ்டிக் பார்க் மைதானத்தில் கடைசிக் கச்சேரியை முடித்துவிட்ட குழு, இனி மேடையில் வாசித்துக் காட்ட வேண்டிய கட்டாயம் இல்லாமல் கூடத்துக்குள் வந்திருந்தது. அந்தப் பாடலின் முதல், நான்காம், ஏழாம், இருபத்தாறாம் டேக்குகள் வரிசையாக இருக்கின்றன. முதல் டேக் எளிமையானது. நாடாவில் பதிந்த ஒலிகளை விசைப்பலகை வழி இசைக்கும் மெல்லோட்ரான் கருவியின் புல்லாங்குழல் போன்ற ஒலியும், பின்னணிக் குரல்களின் இழையும் கொண்ட ஒரு கனிந்த பாடல். அதையே வெளியிட்டிருந்தாலும் யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். ஏழாம் டேக் கனத்து, மங்கி, கனவுத்தன்மை கொள்கிறது. இருபத்தாறாம் டேக்கோ ட்ரம்பெட்டுகளும் செல்லோக்களும் தாளக் கருவிகளின் ஆரவாரமுமாக, வேறொரு சுருதியில், வேறொரு வேகத்தில் பாய்கிறது. லெனனுக்கு ஏழாம் டேக்கின் தொடக்கமும் இருபத்தாறாம் டேக்கின் தொடர்ச்சியும் பிடித்துப்போக, இரண்டையும் இணைக்கச் சொன்னார். ஒன்றின் வேகத்தைக் கூட்டி, மற்றதன் வேகத்தைக் குறைத்தால் சுருதியும் வேகமும் ஏறத்தாழ ஒன்றாக வந்து நின்றன. பாடலின் ஏறத்தாழ முதல் நிமிட முடிவில் அந்த ஒட்டு இருக்கிறது. இந்தக் கதை பலமுறை எழுதப்பட்டதுதான். ஆனால் இருபத்தாறாம் டேக்கை அதன் மூல வேகத்திலேயே முழுமையாகக் கேட்கும்போதுதான், எவ்வளவு முரண்பட்ட இரண்டு பொருள்களை அவர்கள் சேர்த்தார்கள் என்பது செவிக்கு உறைக்கிறது. இதே பாடலும் 'பென்னி லேன்' பாடலும் 1967 பிப்ரவரியில் தனித்தட்டாக வெளியாகிவிட்டதால் ஆல்பத்தில் இடம்பெறவில்லை. ஜார்ஜ் மார்ட்டின் பின்னாளில் அதற்காக வருந்தினார். இந்த வரிசையில் கேட்டால் அவர் வருத்தத்தின் நியாயம் தெரியும்.

பெட்டியின் மிகச் சிறந்த பகுதி 'எ டே இன் த லைஃப்' பாடலுக்கு ஒதுக்கப்பட்ட துண்டுகள்தான். 1967 ஜனவரி 19 அன்று பதிவான முதல் டேக்கில் லெனன் கிட்டாரோடு பாட, மெக்கார்ட்னி பியானோ வாசிக்கிறார். லெனன் பாடலின் தொடக்கத்தில் ஒன்று, இரண்டு என்று எண்ணுவதற்குப் பதிலாக 'சுகர் ப்ளம் ஃபேரி' என்று முணுமுணுத்துத் தாளம் பிடிக்கிறார். பாடலின் நடுவே என்ன வரும் என்று அப்போது யாருக்கும் தெரியாது. எதையாவது நிரப்ப வேண்டும் என்பதற்காக 24 பார்கள் (தாளச் சுற்றுகள்) வெறுமையாக விடப்பட்டன. குழுவின் உதவியாளர் மால் எவன்ஸ் அந்த 24 பார்களை உரக்க எண்ணிக்கொண்டே போகிறார், எண்கள் ஏற ஏற அவர் குரலின் மீது எதிரொலியும் ஏறிக்கொண்டே போகிறது. என்ன வைப்பது என்று தெரியாமலேயே ஓர் இடத்தை அளந்து ஒதுக்கிவிட்டு மேலே செல்லும் துணிவை இதைவிடத் தெளிவாக எந்த ஆவணமும் காட்டவில்லை.

அந்த இடத்தை நிரப்பியது பிப்ரவரி 10 அன்று முதலாம் கூடத்தில் கூடிய நாற்பது செவ்வியல் இசைக்கலைஞர்கள். தங்கள் கருவியின் மிகத் தாழ்ந்த சுரத்தில் தொடங்கி, 24 பார்களுக்குள் மிக உயர்ந்த சுரத்தை அடைய வேண்டும், பக்கத்தில் இருப்பவர் என்ன வாசிக்கிறார் என்று கேட்கக் கூடாது என்பதே அவர்களுக்குத் தரப்பட்ட கட்டளை. ஒன்றுபட்டு வாசிப்பதையே வாழ்நாள் பயிற்சியாகக் கொண்டவர்களிடம் ஒன்றுபடாமல் வாசிக்கச் சொன்னார்கள். ஒலிப்பொறியாளர் கென் டவுன்சென்ட் இரண்டு நான்கு-ட்ராக் இயந்திரங்களை இணைத்து ஓட்ட ஒரு வழி செய்ததால், வாத்தியக் குழுவைப் பலமுறை பதிந்து அடுக்க முடிந்தது. பெட்டியில் அந்த வாத்தியக் குழு மட்டும் தனியே இருக்கிறது. பாடலுக்குள் ஒரு பெரும் ஓசைச் சுவராகக் கேட்டு வந்த அந்த ஏற்றம், இங்கே நாற்பது தனி மனிதர்கள் தத்தம் போக்கில் ஏறும் ஏற்றமாகக் கேட்கிறது. அதன் பின் அந்தப் பாடலைக் கேட்கும் விதமே மாறிவிடுகிறது.

அன்றிரவு வாத்தியக் கலைஞர்கள் கலைந்து போன பின், பாடலின் முடிவாகப் பீட்டில்ஸ் குழுவினர் எல்லோரும் சேர்ந்து ஒரே சுரக்கோவையை நீளமாக ரீங்கரித்து முடிக்கலாம் என்று முயன்றார்கள். எட்டு முதல் பதினொன்று வரையான அந்த டேக்குகள் இங்கே இருக்கின்றன. முதல் முயற்சி சிரிப்பில் உடைகிறது, அடுத்தடுத்தவை நேராகின்றன, ஆனாலும் அந்தப் பேரோசைக்குப் பிறகு மனிதக் குரல் மெலிந்தே நிற்கிறது. அது போதாது என்பதை அவர்களும் உணர்ந்தார்கள். பிப்ரவரி 22 அன்று பல பியானோக்களில் லெனன், மெக்கார்ட்னி, ஸ்டார், எவன்ஸ் ஆகியோர் ஒரே கணத்தில் ஈ மேஜர் கோவையை அழுத்த, ஒலி தேயத் தேயப் பொறியாளர் ஒலிவாங்கியின் அளவை ஏற்றிக்கொண்டே போக, நாற்பது விநாடிக்கும் மேல் நீளும் அந்த இறுதி ஓசை பிறந்தது. அந்தப் பியானோ முயற்சிகளும் தனித் துண்டாகத் தரப்பட்டிருக்கின்றன. எல்லோருடைய விரலும் ஒன்றாக விழ வேண்டும் என்பதற்காகத் திரும்பத் திரும்ப முயல்வதைக் கேட்கலாம். ரீங்காரத்தைக் கேட்டுவிட்டுப் பியானோவைக் கேட்பவருக்கு விளக்கம் எதுவும் தேவைப்படாது.

நம்மவர்கள் தனிக் கவனத்தோடு கேட்க வேண்டியது 'விதின் யூ வித்தவுட் யூ'. 1966 இலையுதிர்காலத்தில் பம்பாய் வந்து ரவிசங்கரிடம் சிதார் பயின்று திரும்பிய ஜார்ஜ் ஹாரிசன், ரவிசங்கர் அகில இந்திய வானொலிக்காக அமைத்த ஒரு நீண்ட இசைப்படைப்பின் தாக்கத்தில் இந்தப் பாடலை அமைத்தார். இதில் மற்ற மூவரும் வாசிக்கவில்லை. லண்டனில் அயனா அங்கடி, பாட்ரிசியா அங்கடி தம்பதியர் நடத்திய ஏசியன் மியூசிக் சர்க்கிள் அமைப்பின் வழி வந்த இந்தியக் கலைஞர்கள் தில்ரூபா (வில்லால் வாசிக்கும் தந்தி வாத்தியம்), தபலா, தம்புரா ஆகியவற்றை வாசித்தார்கள். 1967-இன் அட்டையில் அவர்களுடைய பெயர்கள் இல்லை. மெட்டு கமாஜ் தாட்டைச் (இந்துஸ்தானி இசையின் ஒரு சுர வகுப்பு) சார்ந்தது. கர்நாடக இசை பழகிய செவிக்கு ஹரிகாம்போதியின் சுரங்கள் உடனே பிடிபடும். பெட்டியில் உள்ள முதல் டேக்கில் இந்தியக் கருவிகள் மட்டுமே கேட்கின்றன. இறுதி வடிவத்தில் மேற்கத்திய வயலின்களும் செல்லோக்களும் மேலே படர்ந்திருப்பதால், தில்ரூபாவின் கமகங்களை இதுவரை ஒரு மேகத்தின் ஊடாகவே கேட்டு வந்தோம். இங்கே அவை வெளிச்சத்தில் நிற்கின்றன. நடுவில் பத்து மாத்திரைச் சுழற்சியில் வரும் வாத்தியப் பகுதியில் தபலாவின் நடை எவ்வளவு தெளிவாக, பதறாமல் போகிறது என்பதைக் கேளுங்கள்.

அடுத்த துண்டில் ஹாரிசன் அந்தக் கலைஞர்களுக்கு மெட்டைப் பாடிக் காட்டுகிறார். அவர் பாட, அவர்கள் வாசித்துத் திருப்பித் தர, எழுதிய சுரத்தாள் எதுவும் குறுக்கே இல்லாமல் பாடம் கைமாறுகிறது. இருபத்து நான்கு வயது ராக் கிட்டார் கலைஞர் ஒருவர், தாம் அண்மையில் கற்கத் தொடங்கிய ஒரு மரபின் வழக்கப்படியே, அந்த மரபுக்குரியவர்களோடு பேச முயல்கிறார். அந்த முயற்சியின் மரியாதை அவர் குரலில் இருக்கிறது. பிறகு ஏப்ரல் 3 அன்று ஜார்ஜ் மார்ட்டின் எட்டு வயலின்களையும் மூன்று செல்லோக்களையும் கொண்டு இதன்மேல் எழுதிச் சேர்த்த பகுதியை இந்தப் பின்னணியோடு கேட்டால் அவர் பட்ட பாடு விளங்கும்: சுரத்துக்குச் சுரம் தனித்தனியே நின்று வாசிக்கும் கலைஞர்களைத் தில்ரூபாவைப் போல வழுக்கிச் செல்ல வைக்க வேண்டியிருந்தது. வெறும் வேடிக்கைக்காக மேற்கத்தியப் பாப் இசை சிதாரை எடுத்துக்கொண்டது என்ற குற்றச்சாட்டு அந்தக் காலத்துப் பல பாடல்களுக்குப் பொருந்தும். இந்த இரண்டு துண்டுகளைக் கேட்டவர் அதை இந்தப் பாடல் மீது சுமத்த மாட்டார்.

மற்றவை ஏற்றத்தாழ்வு உடையவை. 'பென்னி லேன்' பாடலின் வாத்திய வடிவம், பல பியானோக்களை ஒன்றன் மேல் ஒன்றாக அடுக்கித்தான் அந்தத் துள்ளல் உருவானது என்பதைக் காட்டுகிறது. 'ஃபிக்ஸிங் எ ஹோல்' பாடலின் முதல் டேக், ஈ.எம்.ஐ. கூடம் கிடைக்காத ஓர் இரவில் ரீஜென்ட் சவுண்ட் என்ற வேறொரு சிறிய கூடத்தில் பதிவானது. பாடல் முதல் முறையிலேயே ஏறத்தாழ முழு வடிவம் பெற்றிருப்பது வியப்பூட்டுகிறது. 'ஷி'ஸ் லீவிங் ஹோம்' பாடலின் தந்திக் கருவிகளை மட்டும் கேட்பது ஒரு தனி அனுபவம்: ஷீலா ப்ராம்பெர்கின் ஹார்ப் முன்னே நடக்க, ஜார்ஜ் மார்ட்டினுக்கு நேரம் கிடைக்காததால் மைக் லியாண்டர் எழுதிய வாத்திய அமைப்பு தன் முழு அழகோடு வெளிப்படுகிறது. ஆனால் 'கெட்டிங் பெட்டர்', 'வித் எ லிட்டில் ஹெல்ப் ஃப்ரம் மை ஃப்ரெண்ட்ஸ்' ஆகியவற்றின் குரலற்ற டேக்குகள், இறுதி வடிவத்திலிருந்து பாடகரை நீக்கிவிட்டால் எப்படி இருக்குமோ அப்படியே இருக்கின்றன. ஒருமுறை கேட்டபின் மறுமுறை அவற்றைத் தேடிப் போக வேண்டிய தேவை ஏற்படாது. இடைப்பேச்சுத் துண்டுகள் சிலவும் அவ்வாறே.

விடுபட்டவை குறித்தும் சொல்ல வேண்டும். 1967 ஜனவரி 5 அன்று ஒரு லண்டன் நிகழ்ச்சிக்காகக் குழு பதிந்த, ஏறத்தாழ பதினான்கு நிமிடம் நீளும் 'கார்னிவல் ஆஃப் லைட்' என்ற சோதனைப் பதிவு இன்றளவும் வெளியாகவில்லை. இந்தப் பெட்டியிலும் அதற்கு இடம் தரப்படவில்லை. அது ஆல்பத்துக்கான பதிவு அன்று என்ற வாதம் சரியே. எனினும் அதே மாதங்களில் அதே கூடத்தில் அவர்கள் எவ்வளவு தூரம் போகத் துணிந்தார்கள் என்பதற்கான சான்று அது. பதிவுகளை நாள் வரிசையில் அடுக்கி, வரலாற்று ஆவணமாகத் தன்னை முன்வைக்கும் ஒரு தொகுப்பில் அந்த இடைவெளி கண்ணில் உறுத்துகிறது. பிப்ரவரியில் ஆல்பத்துக்காகவே பதியத் தொடங்கி ஒதுக்கப்பட்ட ஹாரிசனின் 'ஒன்லி எ நார்தர்ன் சாங்' பாடலுக்கும் ஓரிடம் கொடுத்திருக்கலாம். அந்தப் பாடல் ஒதுக்கப்பட்ட பிறகுதான் அவர் 'விதின் யூ வித்தவுட் யூ'வோடு வந்தார். இரண்டும் அருகருகே இருந்திருந்தால் அந்த மாற்றம் துலங்கியிருக்கும்.

நான்காம் தட்டு மோனோ ஆல்பம். இதைக் கேட்காமல் முதல் தட்டின் புதிய கலவையை மதிப்பிட முடியாது என்பதால், இதைச் சேர்த்ததே நேர்மையான செயல். அதன் இறுதியில் உள்ள கூடுதல் பாடல்களில் இரண்டு முக்கியமானவை. 'ஷி'ஸ் லீவிங் ஹோம்' பாடலின் முதல் மோனோ கலவையில், பின்னர் வெட்டி எறியப்பட்ட ஒரு சிறு செல்லோ வாசிப்பு ஒவ்வொரு பல்லவியின் முடிவிலும் இருக்கிறது; அது இருக்கும்போது பாடல் ஒரு கணம் தயங்கி நிற்கிறது, வெட்டியது சரியான முடிவே. அமெரிக்க வானொலி நிலையங்களுக்கு மட்டும் அனுப்பப்பட்ட 'பென்னி லேன்' வடிவத்தின் கடைசியில், டேவிட் மேசனின் பிக்கோலோ ட்ரம்பெட் சில சுரங்களைக் கூடுதலாக வாசிக்கிறது. சேகரிப்பாளர்கள் அதற்காகப் பெருந்தொகை கொடுத்தது ஒரு காலம்.

டிவிடி, ப்ளூ-ரே இரண்டிலும் ஒரே உள்ளடக்கம்தான், ஒன்று போதும். சரவுண்ட் ஒலிக்கலவை 'பீயிங் ஃபார் த பெனிஃபிட் ஆஃப் மிஸ்டர் கைட்' பாடலில் மிகவும் பொருந்துகிறது. நீராவி ஆர்கன் ஒலிநாடாக்களைத் துண்டுகளாக வெட்டி, கலைத்துப் போட்டு ஒட்டிய அந்தச் சர்க்கஸ் ஒலிகள் கேட்பவரைச் சுற்றி வருவதற்கென்றே பிறந்தவை. மற்றப் பாடல்களில் பெரிய ஆதாயம் இல்லை. 1992-இல் எடுக்கப்பட்ட ஆவணப்படத்தையோ தவறவிடக் கூடாது. ஜார்ஜ் மார்ட்டின் கலவை மேசையின் முன் அமர்ந்து, ஒவ்வொரு ட்ராக்காக ஏற்றியும் இறக்கியும் அதற்குள் என்ன இருக்கிறது என்று விளக்குகிறார். நல்லாசிரியர் ஒருவரின் வகுப்பு அது. புத்தகத்தில் கெவின் ஹவ்லெட் பாடல் பாடலாகத் தந்துள்ள பதிவுக் குறிப்புகள் பயனுள்ளவை. ஓவியர்கள் பீட்டர் பிளேக்கும் ஜான் ஹேவொர்த்தும் உருவாக்கிய, பிரபலங்களின் உருவங்கள் கூட்டமாக நிற்கும் அட்டைப்படத்தின் கதையை இதனோடு சேர்த்து நினைக்க வேண்டும்: ஹாரிசனின் விருப்பப்படி பரமஹம்ச யோகானந்தரும் அவரது குருமரபினரும் அந்தக் கூட்டத்தில் இடம்பெற்றார்கள், ஆனால் காந்தியின் உருவத்தை, இந்தியாவில் மனம் புண்படுவார்கள் என்று அஞ்சிய ஈ.எம்.ஐ. தலைவர் ஜோசப் லாக்வுட் நீக்கச் செய்தார்.

விலை அதிகம். பதிவுக்கூட நாடாக்களில் ஆர்வம் இல்லாமல், ஆல்பத்தை நல்ல ஒலியில் கேட்க மட்டும் விரும்புகிறவர் புதிய கலவை மட்டும் உள்ள ஒற்றைக் குறுந்தகட்டோடு நிறைவடையலாம். இரண்டு குறுந்தகடு கொண்ட பதிப்பில், ஆல்பத்தின் பதின்மூன்று பாடல்களுக்கும் ஒவ்வொரு மாற்று டேக் அதே வரிசையில் கிடைக்கிறது. புதிதாக உள்ளே வருபவருக்கு அதுவே நல்ல வாயில். ஆனால் 'எ டே இன் த லைஃப்' படிப்படியாக உருவான விதம், ஹாரிசன் மெட்டைச் சொல்லிக்கொடுக்கும் துண்டு, மோனோ ஆல்பம் ஆகிய மூன்றும் பெரிய பெட்டியில்தான் ஒருங்கே இருக்கின்றன. பாடல் எழுதுகிறவர், ஒலிப்பதிவு செய்கிறவர், இசை கற்பிக்கிறவர் எவராயினும் இரண்டாம், மூன்றாம் தட்டுகளுக்காகவே அதை வாங்கலாம். வாங்குமுன் இணைய ஸ்ட்ரீமிங் தளங்களில் அந்தத் துண்டுகளைக் கேட்டுப் பார்த்து முடிவெடுக்க வழியும் இருக்கிறது.